இணையதளத்தில் நட்சத்திர மதிப்பீடு சேர்ப்பது: முதல் டேபிளிலிருந்து தேடல் முடிவு வரை

ஐந்து நட்சத்திரங்களைத் திரையில் வரைய ஒரு மணி நேரம் போதும். நட்சத்திரத்தை அழுத்தியவர் யார், அவர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டவரா, மனம் மாறினால் பழைய ஓட்டு என்ன ஆகும், கணக்கை மூடிவிட்டுப் போனால் சராசரி என்ன ஆகும் என்பதற்கெல்லாம் பதில் எழுதத்தான் நாள் பிடிக்கும். மதிப்பீட்டு வசதி சொதப்பிய தளங்களைத் திறந்து பார்த்தால் கோளாறு பெரும்பாலும் அடியில் இருக்கும் டேபிளில்தான் (ஓட்டுகளைச் சேமிக்கும் அட்டவணை) இருக்கும். அதனால் இங்கே திரையை ஏழாவது படியில்தான் தொடுகிறோம். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் நான்கு விஷயங்கள் தயாராக இருக்க வேண்டும்: டேட்டாபேஸில் (தளத்தின் தகவல் சேமிப்பகம்) புது டேபிள் சேர்க்கும் அனுமதி, அன்றைய தேதியில் எடுத்த முழு பேக்கப், சோதித்துப் பார்க்கத் தளத்தின் ஒரு நகல், மதிப்பீட்டு விதிகளை எழுதிய ஒரு பக்க ஆவணம். லாகின் வசதி ஏற்கெனவே உள்ள சிறிய தளம் என்றால், கோடு (நிரல்) எழுதத் தெரிந்த ஒருவருக்கு மூன்றிலிருந்து ஐந்து வேலை நாட்கள் ஆகும். லாகினே இல்லையென்றால் இன்னும் மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிளகின் (தளத்தில் சேர்க்கும் ஆயத்த நீட்சி) போட்டு ஒரு மதியத்தில் முடிக்கவும் வழி உண்டு. தவறில்லை. ஆனால் நிறுவும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஓட்டுகள் உங்கள் டேட்டாபேஸில் சேர்கின்றனவா, பிளகின்காரரின் சர்வரிலா? எல்லா ஓட்டுகளையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? மவுஸ் இல்லாமல் கீபோர்டால் மட்டும் ஓட்டுப் போட முடியுமா? முதல் இரண்டில் எதற்கு விடை சாதகமாக இல்லாவிட்டாலும் அதை விட்டுவிடுங்கள். பின்னாளில் பிளகினை மாற்ற நேர்ந்தால், சேர்த்து வைத்த மதிப்பீடு அத்தனையும் அங்கேயே தங்கிவிடும்.

1. அளவுகோலை முடிவு செய்யுங்கள்

கட்டைவிரல் மேலா கீழா, ஐந்து நட்சத்திரமா, பத்துக்கு எத்தனை என்பதா? மக்கள் உங்கள் தளத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இது. “இது எனக்கு உதவியதா” என்ற ஒரே கேள்விதான் என்றால் கட்டைவிரல் போதும். யூடியூப் ஐந்து நட்சத்திரத்தை விட்டு 2010இல் கட்டைவிரலுக்கு வந்தது. பெரும்பாலோர் ஐந்தை மட்டுமே அழுத்தியதால் நடுவில் இருந்த நட்சத்திரங்களுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. நெட்ஃபிளிக்ஸும் 2017இல் அதே பக்கம் திரும்பியது. ஒரே வகைப் பொருட்கள் பலவற்றை ஒப்பிட்டு வாங்கும் தளம் என்றால் ஐந்து நட்சத்திரம் சரியாக வரும்.

இதை ஒரே ஒருமுறைதான் முடிவு செய்ய முடியும் என்று நினைத்துச் செய்யுங்கள். ஐந்திலிருந்து பத்துக்குப் பின்னர் மாறினால், பழைய ஓட்டுகளை இரண்டால் பெருக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிப் பெருக்கினால் மிகக் கீழே ஒன்று போட்டவரின் ஓட்டு இரண்டாகிவிடும். பத்து அளவுகோலில் அது அடிமட்டம் அல்ல. பழையதும் புதியதும் கலந்த சராசரிக்கு அர்த்தம் இருக்காது.

அரை நட்சத்திரம் வேண்டுமென்றால் 3.5 என்று தசமமாகச் சேமிக்காதீர்கள். உள்ளே 1 முதல் 10 வரை முழு எண்ணாக வைத்துக்கொண்டு காட்டும்போது இரண்டால் வகுங்கள்.

2. யார் ஓட்டுப் போடலாம்

லாகின் செய்தவர் மட்டும் என்பதே பாதுகாப்பான விடை. வாங்கியவர் அல்லது பயன்படுத்தியவர் மட்டும் என்றால் இன்னும் நல்லது. ஓட்டு எண்ணிக்கை குறையும், இருப்பதை நம்பலாம்.

லாகின் இல்லாதவரையும் அனுமதிக்கிறோம், ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) வைத்து “ஒருவருக்கு ஒன்று” என்று தடுத்துவிடுகிறோம் என்றுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் திட்டமிடுவார்கள். அது இரண்டு பக்கமும் உடையும். மொபைல் நிறுவனங்களும் கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகளும் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. முதல் ஆள் ஓட்டுப் போட்டதும் மற்றவர்களுக்குக் கதவு மூடிவிடும். மறுபக்கம், ஐபிவி6இல் (ஐபி முகவரியின் புதிய வடிவம்) ஒரே கருவியின் முகவரி அடிக்கடி மாறும், அதனால் வேண்டுமென்றே பலமுறை போடுபவரை அது தடுக்காது. குக்கி (தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) அதைவிடப் பலவீனம். பிரவுசரில் புது மறைவு (இன்காக்னிட்டோ) ஜன்னல் திறந்தால் புது ஆள். விருந்தினர் ஓட்டு கட்டாயம் வேண்டுமென்றால் மின்னஞ்சல் சரிபார்ப்பு இணைப்பு அனுப்பி, அதை அழுத்திய பிறகே ஓட்டைக் கணக்கில் சேருங்கள்.

3. டேபிளை உருவாக்குங்கள்

எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். ஆற அமரச் செய்யுங்கள்.

மதிப்பீடுகளுக்குத் தனி டேபிள் வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: பொருளின் எண், பயனரின் எண், மதிப்பெண், முதலில் போட்ட நேரம், கடைசியாக மாற்றிய நேரம். பொருள் டேபிளில் ஓட்டுகளின் கூட்டுத்தொகைக்கு ஒன்று, எண்ணிக்கைக்கு ஒன்று என இரண்டு புலங்களைச் சேருங்கள். சராசரியைச் சேமிக்க வேண்டாம். கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் வகுத்துக்கொள்ளலாம். சராசரி மட்டும் இருந்தால் அடுத்த ஓட்டைச் சரியாகச் சேர்க்க வழியில்லை.

இந்த டேபிளுக்கு மூன்று கட்டுப்பாடுகள் தேவை. பொருள் எண்ணும் பயனர் எண்ணும் சேர்ந்த ஜோடி ஒருமுறைதான் வரலாம் என்பது முதலாவது. இந்த யுனிக் இண்டெக்ஸில் (இரட்டிப்பை மறுத்து, தேடலை வேகமாக்கும் பட்டியல்) பொருள் எண்ணை முதலில் வையுங்கள், ஒரு பொருளின் ஓட்டுகளைக் கூட்டும் தேடலுக்கும் அதே இண்டெக்ஸ் பயன்படும். மதிப்பெண் 1 முதல் 5க்குள் (அரை நட்சத்திரம் என்றால் 10க்குள்) இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. பொருளும் பயனரும் உண்மையில் இருக்கிறார்களா என்று பார்க்கும் ஃபாரின் கீ மூன்றாவது.

மூன்றிலும் ஒவ்வொரு பள்ளம் இருக்கிறது. விருந்தினருக்குப் பயனர் எண் இல்லையென்று அந்தப் புலத்தை நல் (null, மதிப்பே இல்லாத நிலை) ஆக விட்டால் யுனிக் கட்டுப்பாடு அவர்களுக்கு வேலை செய்யாது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் ஆகிய டேட்டாபேஸ் மென்பொருள்கள் மூன்றுமே இயல்பாக ஒரு நல்லை இன்னொரு நல்லுக்குச் சமமாகக் கருதுவதில்லை. ஆகவே ஒரே விருந்தினர் நூறு ஓட்டுப் போட்டாலும் டேட்டாபேஸ் வாய் திறக்காது. மதிப்பெண் எல்லையைச் சோதிக்கும் செக் கட்டுப்பாடு மைஎஸ்க்யூஎல்லில் 8.0.16 பதிப்பிலிருந்துதான் அமலாகிறது. அதற்கு முந்தைய பதிப்புகள் அதைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்; பிழை எதுவும் காட்டாது. எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்திருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நீங்கள்தான் இயக்க வேண்டும்.

மதிப்பெண் புலத்துக்கு இயல்பு மதிப்பாகப் பூஜ்யம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மதிப்பிடாதவருக்குப் பதிவே இருக்கக் கூடாது. பூஜ்யமாக ஒரு பதிவு நுழைந்துவிட்டால் அது சராசரியைக் கீழே இழுக்கும். ஏன் இறங்கியது என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

இடத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். இண்டெக்ஸையும் சேர்த்து ஒரு ஓட்டுக்கு நூறிலிருந்து இருநூறு பைட்டுகள் பிடிக்கும். பத்து லட்சம் ஓட்டு வந்தாலும் இருநூறு எம்பிக்குள் அடங்கிவிடும்.

4. ஓட்டைப் பெறும் சர்வர் கோடு

ஓட்டு எப்போதும் போஸ்ட் கோரிக்கையாகத்தான் (சர்வருக்குத் தகவல் அனுப்பும் வகை) வர வேண்டும். “இந்த இணைப்பை அழுத்தினால் ஐந்து” என்று கெட் (பக்கத்தைக் கேட்டு வாங்கும் வகை) இணைப்பாக வைத்தால், தேடுபொறியின் ரோபோவும் பக்கங்களை முன்கூட்டியே இறக்கி வைக்கும் கருவிகளும் அந்த இணைப்பைத் தொட்டு ஓட்டுப் போட்டுவிடும். கூடவே சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (கோரிக்கை உங்கள் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு தளம் உங்கள் பயனர் பெயரில் ஓட்டுப் போட வைக்கலாம். பயனர் எண்ணை பிரவுசர் அனுப்பும் படிவத்திலிருந்து எடுக்காதீர்கள், சர்வர் செஷனிலிருந்து (லாகின் செய்தவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் பதிவு) மட்டும் எடுங்கள். மதிப்பெண் முழு எண்ணா, எல்லைக்குள் இருக்கிறதா என்று டேட்டாபேஸுக்கு அனுப்பும் முன் சர்வரிலும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது சேமிப்பது. “முதலில் தேடு, இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் சேர்” என்று இரண்டு படியாக எழுதினால், வேகமாக இரண்டு முறை அழுத்துபவரின் இரண்டு கோரிக்கையும் “இல்லை” என்ற விடையைப் பெற்று இரண்டுமே சேர்க்கப் பார்க்கும். ஒரே கட்டளையில் இரண்டையும் செய்யும் வசதி இந்த மூன்று டேட்டாபேஸிலும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் “ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்”, போஸ்ட்கிரெஸ் 9.5 முதலும் எஸ்க்யூலைட் 3.24 முதலும் “ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்”.

கூட்டுத்தொகையைப் புதுப்பிக்கும் இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு பொருளுக்கு 10 ஓட்டு, கூட்டுத்தொகை 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரே நொடியில் ஒருவர் ஐந்தும் இன்னொருவர் இரண்டும் போடுகிறார்கள். இரண்டு கோரிக்கையும் 40ஐப் படிக்கின்றன. முதலாவது 45 என்று எழுதுகிறது. இரண்டாவது அதன்மேல் 42 என்று எழுதுகிறது. எண்ணிக்கை இரண்டிலும் 11. இருக்க வேண்டியது 47, 12. ஐந்து நட்சத்திரம் போட்டவரின் ஓட்டு மதிப்பீட்டு டேபிளில் இருக்கிறது, சராசரியில் இல்லை. கூட்டம் குறைவான நாளில் இது தெரியவே தெரியாது. கூட்டம் சேர்ந்ததும் தெரியும்.

இதற்கு மருந்து ஒரே டிரான்சாக்ஷனில் (முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத கட்டளைத் தொகுப்பு) இந்த வரிசை: முதலில் பொருளின் பதிவை “ஃபார் அப்டேட்” போட்டுப் பூட்டுங்கள். பிறகு ஓட்டைச் சேருங்கள் அல்லது மாற்றுங்கள். பிறகு அந்தப் பொருளின் ஓட்டுகளை மட்டும் புதிதாகக் கூட்டி, எண்ணி, பொருள் பதிவில் எழுதுங்கள். கடைசியில் கமிட் (மாற்றங்களை உறுதிசெய்வது). பூட்டுவதை முதலில் செய்வது முக்கியம். கடைசியில் செய்தால் போஸ்ட்கிரெஸில் பக்கத்து டிரான்சாக்ஷனின் ஓட்டு கூட்டலில் விடுபடலாம். ஒரு பொருளுக்குச் சில ஆயிரம் ஓட்டு வரை இப்படி முழுதாகக் கூட்டுவது தாராளமாகத் தாங்கும். பழைய மதிப்பெண்ணைக் கழித்துப் புதியதைக் கூட்டும் நுணுக்கமெல்லாம் அதற்கு மேல் போனால் பார்த்துக்கொள்ளலாம். எஸ்க்யூலைட்டில் “ஃபார் அப்டேட்” கிடையாது, டிரான்சாக்ஷனை “பிகின் இமீடியட்” என்று தொடங்குங்கள்.

ஓட்டைத் திரும்பப் பெறும் வழியும் வையுங்கள். தவறுதலாக அழுத்தியவருக்கு அது வேண்டும்.

பயனர் கணக்கு நீக்கப்படும்போது என்ன நடக்கும் என்றும் இப்போதே எழுதி வையுங்கள். ஃபாரின் கீயில் “கேஸ்கேட்” போட்டிருந்தால் அவருடைய ஓட்டுகள் தாமாக அழிந்துவிடும், ஆனால் பொருள் பதிவில் உள்ள கூட்டுத்தொகை அப்படியே நிற்கும். டிரிகர் (பதிவு மாறும்போது தானாக ஓடும் கோடு) எழுதிச் சரிசெய்யலாம் என்றால், மைஎஸ்க்யூஎல் 8இல் கேஸ்கேட் மூலம் நடக்கும் நீக்கத்துக்கு டிரிகர் ஓடாது. ஆகவே நீக்கும் கோடே பாதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலை முதலில் எடுத்து, நீக்கிய பின் அவற்றை மறுபடி கூட்ட வேண்டும். இதற்காகவே பயனர் எண்ணுக்குத் தனியாக ஓர் இண்டெக்ஸ் போடுங்கள்.

5. சராசரியைக் காட்டுவது

போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூலைட்டிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும். 7ஐ 2ஆல் வகுத்தால் 3. எல்லாப் பொருளுக்கும் 3, 4 என்று தசமம் இல்லாமலே காட்டினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் 3.5 வரும், ஆகவே ஒன்றில் சோதித்துவிட்டு இன்னொன்றில் ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு தசம இடம் போதும். 4.96 என்பதை முழுமையாக்கினால் 5.0 ஆகிவிடும்; கீழேயே ஒரு நட்சத்திரப் புகார் தெரியும் பக்கத்தில் 5.0 என்று இருந்தால் படிப்பவர் நம்ப மாட்டார். எல்லோரும் ஐந்து போட்டால் மட்டுமே 5.0 காட்டுங்கள், மற்றபடி உச்ச வரம்பு 4.9. எண்ணிக்கையை எப்போதும் பக்கத்திலேயே போடுங்கள். “4.3, 128 மதிப்பீடுகள்” என்பதும் வெறும் 4.3 என்பதும் ஒன்றல்ல. ஓட்டே இல்லாத பொருளுக்கு 0.0 காட்டாதீர்கள், “இன்னும் யாரும் மதிப்பிடவில்லை” என்று எழுதுங்கள்.

6. வரிசைப்படுத்துவதற்கு வேறு கணக்கு

“அதிக மதிப்பீடு பெற்றவை” என்ற பட்டியலை வெறும் சராசரியால் வரிசைப்படுத்தினால், இரண்டு நண்பர்கள் ஐந்து போட்ட பொருள் முதலிடத்தில் உட்கார்ந்துவிடும். இருநூறு பேர் மதிப்பிட்ட 4.6 கீழே போய்விடும்.

எடையிட்ட சராசரி இதைச் சரிசெய்யும். ஒவ்வொரு பொருளுக்கும், தளத்தின் மொத்தச் சராசரியில் சில கற்பனை ஓட்டுகள் முன்பே விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தளச் சராசரி 3.8, கற்பனை ஓட்டு 10 என்றால் தொடக்கக் கூட்டுத்தொகை 38. இரண்டு ஓட்டும் ஐந்தாகப் பெற்ற பொருள்: 38 உடன் 10 சேர்ந்து 48, அதை 12ஆல் வகுத்தால் 4.0. பத்து ஓட்டில் 4.5 பெற்றது: 83ஐ 20ஆல் வகுத்தால் 4.15. இருநூறு ஓட்டில் 4.6 பெற்றது: 958ஐ 210ஆல் வகுத்தால் 4.56. பட்டியல் இப்போது நியாயமாக இருக்கிறது. கற்பனை ஓட்டு எத்தனை என்பதற்கு, உங்கள் தளத்தில் ஒரு நடுத்தரப் பொருளுக்கு விழும் ஓட்டு எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கட்டைவிரல் முறைக்கு வில்சன் இடைவெளியின் கீழ் எல்லை (ஓட்டு எண்ணிக்கையையும் கருதி, ‘மேல்’ விகிதம் குறைந்தது எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீடு) பொருந்தும். 1927இல் வந்த சூத்திரம், இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. 95 சதவீத நம்பகத்தில், ஒரே ஓட்டு அதுவும் மேல் என்றால் 0.21, நூற்றில் 90 மேல் என்றால் 0.83.

இந்த எடையிட்ட எண்ணைப் பயனருக்குக் காட்டாதீர்கள். வரிசைக்கு மட்டும். நான்கு பேர் ஐந்து போட்டும் 4.1 என்று காட்டினால் “என் ஓட்டு எங்கே” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

7. திரையில் நட்சத்திரம்

ஓட்டுப் போடும் பகுதியை ஐந்து ரேடியோ பட்டன்களாகக் கட்டுங்கள், அவற்றின் லேபிளை நட்சத்திரமாக அலங்கரியுங்கள். ஒவ்வொரு லேபிளிலும் “5இல் 4” என்பதுபோல் எழுத்து இருக்கட்டும். அம்புக்குறி விசைகள், ஸ்கிரீன் ரீடர் (திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்), படிவம் அனுப்புதல் எல்லாம் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். வெறும் படங்களில் சொடுக்கு நிகழ்வைக் கட்டினால் இவை ஒவ்வொன்றையும் நீங்களே எழுத வேண்டிவரும்.

இடப்பக்க நட்சத்திரங்களும் சேர்ந்து நிறம் மாற, பட்டன்களைத் தலைகீழாக அடுக்கி சிஎஸ்எஸ்ஸால் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) திருப்பும் பழைய உத்தி ஒன்று உண்டு. அதைச் செய்தால் கீபோர்டு வரிசை தலைகீழாகிவிடும்; ஸ்கிரீன் ரீடர் ஐந்திலிருந்து படிக்கும். சிஎஸ்எஸ்ஸின் “ஹேஸ்” தேர்வி (உள்ளே அல்லது அடுத்து என்ன இருக்கிறது என்று பார்த்து உறுப்பைத் தேர்ந்தெடுப்பது) 2023 இறுதியிலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

விரல் படும் இடம் குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் இடைநிலைத் தகுதி. மொபைலில் 44 வைத்தால்தான் பக்கத்து நட்சத்திரம் அழுந்தாமல் இருக்கும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் மஞ்சள் நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாது. பின்னணியோடு 3க்கு 1 வேறுபாடு தேவை, அடர்ந்த விளிம்பு ஒன்று போட்டாலும் தீர்ந்தது.

ஓட்டு விழுந்ததும் “உங்கள் மதிப்பீடு: 4. மாற்றலாம்” என்று எழுத்தில் சொல்லுங்கள். சர்வர் மறுத்தால் நட்சத்திரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து காரணத்தையும் காட்டுங்கள்.

8. கேஷ்

முழுப் பக்கத்தையும் கேஷ் செய்யும் (நகலாகச் சேமித்து வைத்துக் காட்டும்) தளத்தில், ஓட்டுப் போட்டவர் பக்கத்தை மீண்டும் திறந்தால் பழைய எண்ணே தெரியும். விழவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார். பொதுச் சராசரி கேஷில் சில நிமிடம் பழையதாக இருக்கலாம். அவரவர் சொந்த ஓட்டை மட்டும் கேஷ் ஆகாத தனிக் கோரிக்கையால் கொண்டுவாருங்கள். அதையும் பக்கத்தோடு சேர்த்துக் கேஷ் செய்தால் ஒருவரின் ஓட்டு இன்னொருவருக்குத் தெரியும்.

9. தேடல் முடிவில் நட்சத்திரம்

கூகுள் முடிவில் நட்சத்திரம் தெரிய, பக்கத்தில் ஜேசன்-எல்டி (தேடுபொறி படிக்கும் தகவல் வடிவம்) வடிவில் “அக்ரிகேட் ரேட்டிங்” (மொத்த மதிப்பீடு) தகவல் வைக்க வேண்டும். சராசரி கட்டாயம். மதிப்பீட்டு எண்ணிக்கை, விமர்சன எண்ணிக்கை இரண்டில் ஒன்றாவது வேண்டும். எழுத்தில் விமர்சனம் எழுதியவர்கள் மட்டும் இரண்டாவதில் சேர்வார்கள், நட்சத்திரம் மட்டும் போட்டவர்களை அதில் சேர்க்காதீர்கள். அளவுகோல் ஐந்து இல்லையென்றால் உச்ச எண்ணையும் குறிப்பிடுங்கள். தசமத்துக்குப் புள்ளிதான், சில மொழிகளில் திரையில் காற்புள்ளி காட்டினாலும் இங்கே புள்ளி. ஓட்டே இல்லாத பக்கத்தில் இந்தத் தகவலையே வைக்கக் கூடாது.

எல்லா வகைப் பக்கத்துக்கும் நட்சத்திரம் கிடைக்காது. பொருள், புத்தகம், சமையல் குறிப்பு, மென்பொருள் போன்ற சில வகைகளுக்கு உண்டு. சாதாரணக் கட்டுரைக்குக் கிடையாது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிய மதிப்பீட்டைத் தன் தளத்திலேயே வைத்தால் 2019 செப்டம்பர் முதல் கூகுள் அதற்கு நட்சத்திரம் காட்டுவதில்லை. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மதிப்பீட்டையும், வேறு தளங்களிலிருந்து திரட்டியதையும் போடுவது விதிமீறல். வெளியிடும் முன் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் சோதனையில் பக்கத்தை ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் தெரிய நாட்களோ வாரங்களோ ஆகும், தெரியும் என்ற உத்தரவாதமும் இல்லை.

10. கள்ள ஓட்டும் சட்டமும்

ஒரு கணக்குக்கு நிமிடத்துக்குப் பத்து ஓட்டு என்பதுபோல் ஒரு வரம்பு வையுங்கள். மீறினால் 429 (கோரிக்கைகள் மிக அதிகம்) என்ற நிலைக்குறியைத் திருப்பி அனுப்புங்கள். புதிதாகத் திறந்த கணக்குகள் ஒரே பொருளுக்கு ஒரே மணி நேரத்தில் குவிந்தால் கவனியுங்கள். சந்தேக ஓட்டை அழிக்காமல் “கணக்கில் சேராது” என்று குறியிடும் ஒரு புலம் டேபிளில் இருந்தால், தவறாகச் சந்தேகப்பட்டதை மீட்கலாம். கூட்டும்போது அந்தக் குறியுள்ளவற்றை விட்டுவிடுங்கள்.

விதிப் பக்கத்தில் யார் ஓட்டுப் போடலாம், எப்போது நீக்கப்படும், உண்மையானவரா என்று எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்பதை எழுதி வெளியிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்து நுகர்வோருக்கு விற்கும் தளங்கள், விமர்சனங்களைச் சரிபார்க்கும் முறையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2022 மே 28 முதல் கட்டாயம். அமெரிக்காவில் போலி விமர்சனங்களை எழுதவோ வாங்கவோ கூடாது என்ற எஃப்டிசி (கூட்டாட்சி வர்த்தக ஆணையம்) விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஐபி முகவரியைச் சேமித்தால் ஐரோப்பியச் சட்டப்படி அது தனிநபர் தகவலாகக் கருதப்படும். எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று தனியுரிமைப் பக்கத்தில் எழுதிவிட்டு, அத்தனை நாள் முடிந்ததும் தானாக அழியும்படி வையுங்கள்.

11. திறக்கும் முன் அரை நாள் சோதனை

தள நகலில் ஐம்பது சோதனைக் கணக்குகளிலிருந்து ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில் ஓட்டு அனுப்புங்கள். எண்ணிக்கை சரியாக ஐம்பது வர வேண்டும், கூட்டுத்தொகை கையால் கூட்டியதோடு பொருந்த வேண்டும். ஒரே கணக்கிலிருந்து இருபது முறை அழுத்துங்கள். பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். மதிப்பெண்ணாக 0, 6, 4.5, வெற்று, எழுத்து என அனுப்பிப் பாருங்கள், அத்தனையும் மறுக்கப்பட வேண்டும். ஒரு கணக்கை நீக்கி எண்கள் இறங்குகின்றனவா என்று பாருங்கள். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.

தினமும் இரவில் மதிப்பீட்டு டேபிளிலிருந்து எல்லாக் கூட்டுத்தொகையையும் புதிதாகக் கணக்கிட்டு, பொருள் பதிவில் உள்ளதோடு ஒப்பிடும் ஒரு வேலையைத் திட்டமிடுங்கள். வேறுபாடு இருந்தால் அது சத்தமில்லாமல் திருத்திவிடக் கூடாது. எந்தப் பொருள், எவ்வளவு வேறுபாடு என்று உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். முதல் வாரத்தில் அந்த மின்னஞ்சல் ஒன்று வந்தாலும் நான்காவது படிக்குத் திரும்பிப் போய், பூட்டும் வரிசையை மறுபடி பாருங்கள்.